கழற்றப் போகிறவனை நினைத்துப் பூசுங்கள்

போன வாரம் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தம்பி. முழங்கை வரைக்கும் ஃபைபர் தூள். "அண்ணாச்சி, போட்டுக்கு அடியில போடுற சீலண்ட் ஒண்ணு குடுங்க. நல்லா ஸ்ட்ராங்கா இருக்கணும்" என்றான். கடைக்காரர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டே அலமாரியில் கையை விட்டு ஒரு குழாயை எடுத்து வைத்தார். குளியலறை டைல்ஸ் இடுக்கிலும் கண்ணாடி ஓரத்திலும் போடுகிற சிலிக்கான்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "எதுக்குத் தம்பி போடப் போற?" என்று கேட்டேன்.

"என்ஜினுக்குக் கூலிங் தண்ணி இழுக்குற வாய்க்கு, மாமா. ஏன், இது ஸ்ட்ராங்கா இருக்காதா?"

"ஸ்ட்ராங்கா இருக்குமாங்கறது கடைசிக் கேள்விப்பா. அதைத்தான் எல்லாரும் முதல்ல கேக்காங்க" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரியவே இருபது வருஷம் ஆனது. ஆகவே அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன்.

விசைப்படகுகளில் என்ஜின் ஃபிட்டராக முப்பத்தெட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி, பாசியும் சிப்பியும் சுரண்டி, பெயிண்ட் அடித்து, சாஃப்ட்டையும் விசிறியையும் கழற்றிப் பார்ப்பது இந்த நாட்களில்தான். லட்சக்கணக்கில் செலவாகிறது. என்ஜின் ஆயில் எந்தக் கம்பெனி, பெயிண்ட் எத்தனை கோட்டிங் என்று ஓனர்மார் மணிக்கணக்கில் பேசுவார்கள். அடியில் போட்ட ஓட்டையை எதை வைத்து அடைப்பது என்பதை மட்டும், கடைக்காரரின் கைக்கு எட்டுகிற பொருள் தீர்மானித்துவிடுகிறது.

ஓர் அங்குலம், மூன்று டன்

மிதக்க வேண்டிய படகின் அடியில் நாமே எத்தனை ஓட்டை போட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்க ஒன்று. சாஃப்ட் வெளியே போக ஒன்று. சுக்கான் தண்டுக்கு ஒன்று. ஆழம் காட்டும் எக்கோ சவுண்டருக்கு ஒன்று. இவை போக, உள்ளே சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்புக்கும் கழுவுகிற தண்ணீர் போவதற்கும் பக்கவாட்டில் இரண்டு மூன்று.

ஓர் அங்குல விட்டமுள்ள ஓட்டை, நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே திறந்து கிடந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 55 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு மூன்று டன்னுக்கும் மேல். இரண்டு அங்குலமானால் அது இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். இந்தக் கணக்கை நான் முதலில் படித்த இடம் புத்தகம் இல்லை. என்ஜின் ரூமில் முழங்கால் தண்ணீரில் நின்று படித்தேன்.

2008ஆம் வருஷம். அப்போது தடைக்காலம் 45 நாள்தான், மே 29இல் முடிந்துவிடும். கடைசி நாள் சாயங்காலம் ஒரு படகில் தண்ணீர் இழுக்கும் வாயை மாட்டிக்கொண்டிருந்தேன். பி.யூ. என்று நாங்கள் சொல்லும் பாலியூரித்தேன் சீலண்ட் குழாய் ஒன்று கையிலிருந்தது, அது காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. கடை அடைத்தாயிற்று. விடிந்தால் படகு போக வேண்டும். ஓனர் தலைமாட்டில் நிற்கிறார். வீட்டுக் குளியலறைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சிலிக்கான் என் பையில் கிடந்தது. அதைப் போட்டு முடுக்கிவிட்டேன். தண்ணீரில் இறக்கிப் பார்த்தோம். ஒரு சொட்டு வரவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் நானும் அந்தப் படகில் போயிருந்தேன். கரையிலிருந்து பதினைந்து நாட்டிகல் மைல் இருக்கும். என்ஜின் சத்தம் மாறியது. கீழே இறங்கினால் ஃபிளைவீல் தண்ணீரை வாரி அடிக்கிறது. இரண்டு பம்பும் ஓட, மூன்று பேர் வாளியால் இறைக்க, நான் தடவித் தடவி அந்த வாயைக் கண்டுபிடித்தேன். போல்ட்டு நாலும் இருந்தன. சிலிக்கான்தான் முழுசாக ஒரு வளையல் மாதிரி உரிந்து கையோடு வந்தது. கைலியைக் கிழித்துச் சுற்றி, பலகைத் துண்டை அடித்து நிறுத்தி, மெதுவாகக் கரை வந்து சேர்ந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வளையலை ரொம்ப நாள் என் டூல் பெட்டியில் வைத்திருந்தேன்.

சிலிக்கான் கெட்ட பொருள் இல்லை. வெயிலையும் உப்புக்காற்றையும் வருஷக்கணக்கில் தாங்கும். கண்ணாடியை விடாமல் பிடிக்கும். ஆனால் இரண்டு பொருளுக்கு நடுவே அழுந்திக் கிடக்கிற வரைக்கும்தான் அதற்கு மரியாதை. ஃபைபரையும் வெண்கலத்தையும் சேர்த்துப் பிடித்து இழுக்கிற பலம் கிடையாது. என்ஜின் அதிர்வு மூன்று மாதம் ஆட்டினால் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். திறந்ததும் வினிகர் வாசம் அடிக்கிறதே, அது அசிட்டிக் அமிலம். காயும்போது செம்பு கலந்த உலோகத்தை அரிக்கவும் செய்யும். இதைவிடப் பெரிய தொந்தரவு ஒன்று உண்டு. சிலிக்கான் இருந்த இடத்தில், அதைச் சுரண்டி எடுத்த பிறகும் ஒரு வழுவழுப்பு தங்கிவிடும். அதன்மேல் பெயிண்டும் ஒட்டாது, பி.யூ.வும் ஒட்டாது. உப்புத்தாள் போட்டு அடி வரைக்கும் தேய்த்தால்தான் தீரும்.

அதிகமாக ஒட்டியதால் வந்த வினை

சூடுபட்ட பூனையாக நான் அடுத்த பக்கத்துக்கு ஓடினேன். பி.யூ.வில், இருப்பதிலேயே பிடிமானம் கூடிய ரகத்தை வாங்கி எல்லாவற்றுக்கும் போட்டேன். தண்ணீர் இழுக்கும் வாய்க்கு, மேல்தளக் கொக்கிகளுக்கு, கேபின் ஜன்னலுக்கு, எல்லாவற்றுக்கும் அதே குழாய். மூன்று வருஷம் ஒரு சொட்டு வரவில்லை.

2011இல் ஒரு வாயை மாற்ற வேண்டி வந்தது. அதில் மாட்டியிருந்தது வீட்டுக் குழாய்க் கடையில் வாங்கிய பித்தளை வால்வு. கடல் தண்ணீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் மெல்ல மெல்லப் போய்விடும். மிச்சமிருக்கும் உலோகம் இளஞ்சிவப்பாகி, ஸ்குரூ டிரைவரால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிரும். அதுதான் நடந்திருந்தது. சரி, கழற்றி வெண்கல வால்வு மாட்டலாம் என்று நட்டை எடுத்தேன். வாய் அசையவில்லை. சுத்தியல் போட்டோம், உளி வைத்தோம், சூடு காட்டினோம். கடைசியில் வந்தது. வரும்போது ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஃபைபரையும் அடியிலிருந்த மரத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. இரண்டு மணி நேர வேலை ஐந்து நாளானது. ஓனர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

அந்தக் கிழிசலுக்குள் இன்னொன்றையும் பார்த்தேன். எங்கள் படகுகளில் நிறைய, மரத்தில் கட்டி மேலே ஃபைபர் போர்த்தியவை. மேல்தளத்தில் ஏதோ ஒரு போல்ட்டின் இடுக்கு வழியே மழைத்தண்ணீர் இறங்கி, ஃபைபருக்கும் மரத்துக்கும் நடுவே வருஷக்கணக்கில் ஊறியிருக்கிறது. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. மரம் நனைந்த ரொட்டியாகக் கிடந்தது. உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில்தான் மரம் சீக்கிரம் உளுக்கும். அடியில் கசிந்தால் கண்ணில் படும், பம்ப் ஓடும், பயந்து பார்ப்போம். மேலே கசிவதை யாரும் பார்ப்பதில்லை.

அப்பாவின் பஞ்சு

என் அப்பா தோணிகளில் கலப்பத்து அடித்தவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன மரத் தோணிகள். பலகைக்கும் பலகைக்கும் நடுவிலிருக்கும் இடுக்கில் பஞ்சைத் திரித்து வைத்து, உளியும் கொட்டாப்புளியுமாக அடித்து இறக்கி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுவதற்குத்தான் கலப்பத்து என்று பெயர். அரபியில் கல்ஃபத், போர்ச்சுக்கீசியத்தில் கலஃபாத்தே என்று இதே தொழிலுக்கு இதே சாயலில் சொல் இருக்கிறது. கப்பலோடு சேர்ந்து அலைந்த சொல்.

சின்ன வயதில் நான் பஞ்சை வெறிகொண்டு அடிப்பேன். அப்பா கையைப் பிடித்து நிறுத்துவார். மரம் தண்ணீரில் ஊறிப் பெருக்கும். பஞ்சை அளவுக்கு மீறி இறுக்கினால் பலகை தள்ளிக்கொண்டு ஆணி இளகிவிடும். இடம் விட்டு அடிக்க வேண்டும். இதை விளக்கிவிட்டு அவர் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு: "ஏல, நாளைக்கு ஒருத்தன் இதப் பிடுங்கணும்லா. அவன் உன்னத் திட்டக் கூடாது."

அந்த வார்த்தையின் பொருள் 2011இல், பிய்ந்த ஃபைபரின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு எட்டியது. பஞ்சும் குங்கிலியமும் என்றைக்கும் இருக்கப் போவதில்லை என்று தெரிந்தே அவர்கள் போட்டார்கள். கரையேற்றும்போது பிடுங்கிப் புதிதாக அடிப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதி. குழாயில் அடைத்து வந்த ரசாயனம் நம் கைக்கு வந்ததும், ஒருமுறை ஒட்டினால் ஆயுசுக்கும் தொடவே வேண்டாம் என்கிற ஆசை வந்துவிட்டது. படகில் தொடவே வேண்டாத பொருள் எதுவும் இல்லை. வால்வு தேயும், குழாய் வெடிக்கும், எக்கோ சவுண்டர் பழசாகும். எல்லாவற்றையும் யாரோ ஒருவன் கழற்றத்தான் போகிறான்.

கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகள்

ஆகவே கடையில் போய் 'ஸ்ட்ராங்கா' என்று கேட்பதற்கு முன், படகின் பக்கத்தில் நின்று மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது தண்ணீருக்குக் கீழேயா, மேலேயா? இரண்டு பக்கமும் என்ன பொருள்? மறுபடி எப்போது கழற்றுவோம்?

நீர்மட்டத்துக்குக் கீழே என்றால் பி.யூ. நல்லது. ஆனால் ரகம் பார்க்க வேண்டும். மிதமான பிடிமானம் உள்ளதே போதும். ஏனென்றால் வாயைப் பிடித்து நிறுத்துவது போல்ட்டும், உள்பக்கம் வைக்கும் தாங்குபலகையும்தான். சீலண்டின் வேலை தண்ணீரை நிறுத்துவது மட்டும். ஒட்டுகிற வேலையையும் அதன் தலையில் கட்டும்போதுதான் பிய்த்தெடுக்கிற பாடு வருகிறது. ஆயுசுக்கும் பிரிக்க மாட்டோம் என்கிற இடத்துக்கு, ஃபைபர் உடலும் மேல்தளமும் சேர்கிற விளிம்பு மாதிரியான இடத்துக்கு, அந்தப் பலத்த ரகத்தை வைத்துக்கொள்ளுங்கள். பி.யூ.வின் பிடிமானத்தையும் சிலிக்கானின் வெயில் தாங்கும் குணத்தையும் ஓரளவு சேர்த்த கலப்பு ரகமான எம்.எஸ். பாலிமரும் இப்போது வருகிறது. பல இடங்களில் என் கை அதற்குத்தான் போகிறது.

டீசல் ஊற்றும் வாய் மூடி, டேங்க் பக்கம் இவற்றுக்கு பாலிசல்ஃபைடு. 1926இல் அமெரிக்காவில் கன்சாஸ் நகரத்தில் ஜோசப் பாட்ரிக் என்ற வேதியியலாளரும் அவர் கூட்டாளியும், வண்டி ரேடியேட்டரில் தண்ணீர் உறையாமலிருக்க ஒரு திரவம் செய்யப் போய், நாற்றமடிக்கும் ரப்பர் ஒன்று கிடைத்ததாகப் படித்தேன். எரிபொருள் அதைக் கரைப்பதில்லை என்பதால் விமானங்களின் எரிபொருள் டேங்குகளுக்கே அதைப் போடுகிறார்கள். மெதுவாகத்தான் காயும், பொறுமை வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது. கேபின் ஜன்னலுக்கு நாம் போடும் அக்ரிலிக், பாலிகார்பனேட் தகடுகளை அது கெடுத்து வெடிப்பு விழ வைக்கும். பி.யூ.வும் அங்கே நல்லதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே குழாய் என்று போட்டேனே, என் ஜன்னல்கள் வெடித்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. அங்கே போடத்தான் நம் சிலிக்கான். அமில வாசம் இல்லாத ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

மேல்தளத்துக் கொக்கி, கைப்பிடிக் கம்பி இவற்றுக்கு பியூட்டைல் டேப் என்று ஒன்று இருக்கிறது. சூயிங்கம் மாதிரி இழுபடும், கட்டியாகாது. போல்ட்டை முடுக்க முடுக்க இடுக்கையெல்லாம் நிரப்பும். கழற்ற வேண்டுமென்றால் நெம்பினால் வந்துவிடும். டீசல் பட்டால் மட்டும் கரையும். தண்ணீருக்குக் கீழேயும் கூடாது.

பொருளைச் சரியாக வாங்கி வேலையில் கெடுக்கிறவர்களும் உண்டு. டீசல் துணியால் துடைப்பது நம் ஊர் வழக்கம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், மேலே எண்ணெய்ப் படலம் நிற்கும். அசிட்டோன் போட்டுத் துடைக்க வேண்டும். ஓட்டையின் வாயை லேசாகச் சரித்துவிட்டால் சீலண்ட் அங்கே வளையமாகத் தங்கும். மரத்தில் என்றால் ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்தபின் அதன் நடுவே மறுபடி துளையிட வேண்டும். அப்புறம் சீலண்ட் கசிந்தாலும் மரம் நனையாது. முடுக்கும்போதுதான் முக்கால்வாசிப் பேர் தப்புச் செய்கிறார்கள். பலத்தையெல்லாம் காட்டிச் சீலண்ட் முழுவதையும் பிதுக்கி வெளியே தள்ளிவிடுகிறார்கள். ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் கனம் உள்ளே நிற்கும்படி விட்டு, காய்ந்தபின் மிச்சத்தை முடுக்குங்கள். அப்போதும் போல்ட்டைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட் சுற்றினால் பிடித்த சீலண்ட் அறுந்துவிடும்.

இன்னொன்று, நாள். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் பி.யூ. இறுகும். மேல்தோல் சில மணி நேரத்தில் காய்ந்து நம்மை ஏமாற்றும். உள்ளே ஒரு நாளைக்கு மூன்று மில்லிமீட்டர் அளவில்தான் இறுகல் நகரும். அகன்ற வாய்க்கு ஒரு வாரம் வேண்டும். 61 நாளில் அறுபதாவது நாள் இந்த வேலையைத் தொடுவதுதான் என் 2008 கதைக்கும், இன்றைக்கும் நடக்கிற பாதிக் கதைகளுக்கும் காரணம். பெயிண்ட் கடைசியில் அடிக்கலாம். ஓட்டை வேலையை முதல் வாரத்தில் முடியுங்கள்.

ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

தடைக்காலத்தில் மீன்வளத்துறையினர் வந்து விசைப்படகுகளை ஆய்வு செய்கிறார்கள். பதிவெண், நீளம், என்ஜின் குதிரைத்திறன் எல்லாம் பார்க்கிறார்கள். வேண்டியதுதான். அதோடு, நீர்மட்டத்துக்குக் கீழே எத்தனை ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் வால்வு மூடித் திறக்கிறதா, வால்வு வெண்கலமா குழாய்க்கடைப் பித்தளையா, அவசரத்தில் ஓட்டையை அடைக்கப் பக்கத்தில் அளவுக்கேற்ற கூம்பு மரக்கட்டை ஒன்று கயிற்றில் தொங்குகிறதா என்று நாலு வரி கூட்டிப் பார்க்கலாம். ஒரு படகுக்குப் பத்து நிமிடம் ஆகாது. எல்லாம் கரையில் ஏறி, அடி தெரிய நிற்கிற நாட்கள் அவை. தண்ணீரில் இறங்கிய பிறகு எந்த அதிகாரியாலும் பார்க்க முடியாது.

கடைக்காரர்களிடம் கேட்பதும் ஒன்று இருக்கிறது. குழாயில் எதற்கு உகந்தது, எதற்கு ஆகாது என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். வாங்குகிறவன் கையில் ஃபைபர் தூளோடு அவசரத்தில் நிற்பான். அலமாரிக்கு மேலே தமிழில் ஓர் அட்டை மாட்டுங்கள்: இது தண்ணீருக்குக் கீழே, இது மேலே, இது ஜன்னலுக்கு. தகரக் கூரைச் சூட்டில் வருஷம் கடந்து கிடக்கும் குழாயைத் தள்ளிவிடாதீர்கள். அதற்கும் காலாவதித் தேதி உண்டு.

விலை கூட என்பார்கள். உண்மைதான், குளியலறை சிலிக்கானைவிடச் சரியான பொருள் மூன்று நான்கு மடங்கு வரும். ஆனால் ஒரு படகின் எல்லா வாய்க்கும் சேர்த்து வேண்டியது இரண்டு மூன்று குழாய். விடிகாலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குத் திரும்புகிற ஒரு நாள் தொழிலுக்கு ஊற்றும் டீசல் காசில் அது சின்னப் பங்கு.

அந்தத் தம்பி சிலிக்கானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிதமான பி.யூ. ஒன்று வாங்கினான். வாங்க வைத்த பாவத்துக்கு நானும் கூடப் போனேன். பழைய சீலண்டைச் சுரண்டி, அசிட்டோன் போட்டு, பூசி, பாதி முடுக்கி விட்டோம். நான்கு நாள் கழித்துப் போய் நட்டைப் பிடித்து மிச்சத்தை முடுக்கினான். முடித்ததும் என்ஜின் ரூமில் அந்த வாய்க்கு மேலே சுவரைத் துடைத்து, மார்க்கர் பேனாவை எடுத்து, என்ன ரகம், எந்த மாதம், எந்த வருஷம் என்று எழுதச் சொன்னேன்.

"யாருக்கு மாமா இது?" என்றான்.

"இதைக் கழற்றப் போறவனுக்கு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தேதிக்குப் பக்கத்தில் தன் போன் நம்பரையும் எழுதி வைத்தான்.